வலி போனால் சுளுக்கு போய்விட்டதா?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று பெரிய வியாதி எதைப் பற்றியும் நாங்கள் பேச வரவில்லை. சுளுக்கைப் பற்றித்தான் பேசப்போகிறோம். "இதற்கொரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நம் மஹல்லாவில் ஒரு சகோதரி. கணவர் மவுத்தாகிவிட்டார். தையல் மெஷினை மிதித்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். மாடிப்படியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கிவிட்டது. மருத்துவ நிதியிலிருந்து எக்ஸ்ரேவுக்கும் மாத்திரைக்கும் பணம் கொடுத்தோம். எலும்பு முறியவில்லை என்றதும் ஃபைலை மூடிவிட்டோம். டாக்டர் சீட்டின் கடைசி வரியில் 'பிசியோதெரபி' என்று எழுதியிருந்தது. அவரும் போகவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீக்கம் வடிந்ததும் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதத்துக்குள் அதே கால் இன்னும் இரண்டு முறை பிசகியது. பெருநாள் நேரத்துத் தையல் வேலை முழுவதும் கைவிட்டுப் போனது. அத்தஹிய்யாத்தில் காலை மடக்க முடியாமல் இப்போது நாற்காலியில் தொழுகிறார். அந்தக் கடைசி வரியைக் கவனிக்காமல் விட்டது எங்கள் குறை. அதனால்தான் இந்தப் பேச்சு.

சுளுக்கு என்பது எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் நார் அளவுக்கு மேல் இழுபடுவது, அல்லது கிழிவது. மூட்டை தூக்கும்போது இடுப்பில் 'சுரீர்' என்று பிடிப்பது பெரும்பாலும் தசை இழுபட்டதால் வருவது. இரண்டிலும் வலி முதலில் போய்விடும். உள்ளே நார் ஆறுவதற்கு அதைவிட அதிக நாளாகும். லேசான சுளுக்குக்கு இரண்டு மூன்று வாரம்; பலமாகக் கிழிந்திருந்தால் மூன்று மாதம்கூட ஆகலாம்.

இன்னொரு விஷயம். கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த நாரில் இருக்கின்றன. அடிபட்டால் அந்த உணர்வு மங்கிவிடும். அதனால்தான் ஒரு முறை பிசகிய கால் மறுபடியும் பிசகுகிறது. மாத்திரை வலியைக் குறைக்கும். அந்த உணர்வைத் திரும்பக் கொடுக்காது. அதைக் கொடுப்பது பயிற்சிதான்.

முதல் இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியது: காலுக்கு ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், நாளில் சில தடவை, கிரேப் பேண்டேஜ், படுக்கும்போது தலையணை மேல் கால். அந்த நாட்களில் சூடான எண்ணெய் போட்டு உருவுவதும், 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று இழுப்பதும் வேண்டாம். வீக்கம் கூடும், முறிவு இருந்தால் பெரிய ஆபத்து. நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐஸ் வைக்க வேண்டாம்.

அதன் பிறகு பயிற்சி. டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சரி என்ற பிறகு இப்படித் தொடங்குவார்கள்: உட்கார்ந்தபடி கட்டைவிரலால் காற்றில் அலிஃப், பா, தா என்று எழுதுவது, துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுப்பது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, கடைசியாக ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது. லேசாக வலித்தால் பயமில்லை. குத்துகிற வலி வந்தாலோ, மறுநாள் வீங்கினாலோ அளவைக் குறைக்க வேண்டும். வலி நின்ற பிறகும் சொன்ன வாரங்கள் வரை விடக்கூடாது. பெரும்பாலோர் தவறவிடுவது இங்கேதான்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் பிசியோதெரபி இலவசம். எழுந்து வர முடியாத நோயாளிகளுக்கு, 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். மிச்சம் இருப்பது பஸ் காசும், போய் வரும் நேரமும்தான்.

ஆகவே நிர்வாகக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி மருத்துவ உதவி மனுவில் பிசியோதெரபி எழுதப்பட்டிருந்தால், முழுவதும் முடியும் வரை போக்குவரத்துச் செலவை அறக்கட்டளை தரும். சீட்டை அலுவலகத்தில் காட்டினால் போதும். பெண்கள் மகளிர் குழுவினரிடம் கொடுக்கலாம்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். உம்மாவோ மனைவியோ கால் பிசகி நொண்டினால், "நடமாடுகிறாரே, சரியாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். தினமும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரி போன வாரம் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார். தரையில் அமர்ந்து தொழும் நாளை அவர் எதிர்பார்க்கிறார். நாமும் துஆ செய்வோம்.

வஸ்ஸலாம்.