மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்கள், "ரத்தப் புற்றுநோயாம், இனி என்ன இருக்கிறது?" என்று கலங்குகிறார்கள். ரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. 'சி.எம்.எல்.' என்று சீட்டில் எழுதப்படும் ஒரு வகையைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறோம்.

நம் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இந்த நோயில், எலும்பு மஜ்ஜையின் ஒரு செல்லில் 9-ஆவது குரோமோசோமின் நுனியும் 22-ஆவதின் நுனியும் ஒடிந்து, இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. சேரக் கூடாத இரண்டு மரபணுக்கள் சேர்ந்துவிடுகின்றன. கிணற்று மோட்டாரின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடுமல்லவா? அப்படித்தான் வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன. இந்த இடமாற்றத்தை 1973-இல் கண்டுபிடித்தவர் ஜேனட் ரௌலி என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர்.

இது பிறந்த பிறகு ஏற்படும் மாற்றம். பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதில்லை, தொட்டால் ஒட்டாது. இதைக் காரணம் காட்டி ஒரு வீட்டுப் பிள்ளைகளின் சம்பந்தத்தைத் தட்டிவிடுவது அநியாயம்.

அந்தச் சுவிட்சை அடக்கும் மாத்திரைதான் இமாட்டினிப். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோவார்டிஸ் நிறுவனத்தின் மருந்து ஒரு காலத்தில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய். அப்போது இந்தியத் தயாரிப்போ சுமார் 10,000 ரூபாயாகத்தான் இருந்தது. அந்நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால்தான் இந்தியத் தயாரிப்பு தடையின்றிக் கிடைக்கிறது.

இவ்வளவு போராடிக் கிடைத்த மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று நாமே நிறுத்தலாமா? தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டால் கூலி போகுமே என்று பரிசோதனை நாளைத் தள்ளலாமா? நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பக்கூடும். நோன்பு மாதத்திலும் நிறுத்தாதீர்கள். நோன்பு வைக்கலாமா, ஸஹரில் சாப்பிடுவதா, நோன்பு திறந்த பிறகா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. குழந்தை பெற நினைக்கும் பெண்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தீராத அசதி, காரணமில்லாத எடைக் குறைவு, இடப்பக்க விலாவுக்குக் கீழே கனம் இருந்தால் அரசு மருத்துவமனையில் ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள். பஸ் செலவுக்கு இல்லையென்று யாருடைய மருந்தும் நிற்க வேண்டாம். கூச்சப்படாமல் சீட்டோடு எங்களிடம் வாருங்கள்.

அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. வஸ்ஸலாம்.