சுமந்தவர் எங்கே?



கடல் இல்லாத தெள்ளாரில் கடத்தலைப் பற்றி ஏன் பேசுகிறோம்? நம் உலையில் விழுந்த உப்பும் ஒருகாலத்தில் கடத்தல் பொருள் என்பதால்தான்.

கரையில் தானாக விளைந்த உப்பை அள்ளுவதையே வெள்ளையர் சட்டம் குற்றமாக்கியது. வரி கட்டாமல் ஒரு கூடை அள்ளிய ஏழை கள்ளனானார். கழுதை மேல் உப்பேற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்தவர்கள் உப்புக் குறவர்கள். உப்பு அரசின் பிடிக்குள் போனது, ரயிலும் வந்தது. அவர்கள் பிழைப்பு போயிற்று. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டபோது, குறவர்கள் மேலும் அந்த முத்திரை விழுந்தது.

1930 ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் இராஜாஜி உப்பு அள்ளினார். அது சத்தியாகிரகம். அந்தப் போராட்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைப்பவர் யார் என்றுதான் கேட்கிறோம்.

பிறகு தங்கம் வந்தது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968 முதல் 1990 வரை இருந்தது. கடத்தலில் லாபமும் இருந்தது. பம்பாய் வரதராஜ முதலியாரின் சாயலில் 1987இல் 'நாயகன்' வந்தது. அது தலைவனின் கதை. இருட்டில் கழுத்தளவு நீரில் நின்று பெட்டி இறக்கியவர், பிடிபட்டால் ஜாமீனுக்கு ஆளில்லாதவர், நம் படங்களில் நிழலாகவே கடந்துபோகிறார்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைக் கதையின் நடுவில் நிறுத்தியது. கடத்தலில் சுமந்தவருக்கும் அப்படியொரு நாவல் வேண்டும். அவரைத் தியாகியாக்க வேண்டாம், திருடனாக்கவும் வேண்டாம். அன்றைய இரவின் கூலி எவ்வளவு, கொடுத்தவர் யார், வழக்கு யார் மேல் விழுந்தது? மாணவத் தோழர்களே, கரையோரச் சேரிகளுக்குப் போய் இதைக் கேட்டு எழுதுங்கள்.