வாழ வைப்பது ரசிகரின் காதே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னை எடை போட்டுக்கொண்டிருக்கும் அருமைச் சகோதரர்களே, சாரல் மேலே விழுந்தாலும் நாற்காலியை விட்டு எழாத தென்காசி, குற்றாலத்துப் பெருமக்களே, வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

‘புதிய இசையை வாழ வைப்பது விமர்சகரின் பேனாவா? ரசிகரின் காதா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, “விமர்சகர் இல்லாவிட்டால் நல்ல பாட்டு எது, மட்டமான பாட்டு எது என்று ஜனங்களுக்கே தெரியாது” என்று ஒரு போடு போட்டார். நடுவர் அவர்களே, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அருவியில தண்ணி எப்படி விழுதுன்னு தெரியணும்னா, குடை பிடிச்சுக்கிட்டுக் கரையில நிக்கிறவரைக் கேட்பீங்களா? தலையைக் கொடுத்துட்டு நடுங்கிக்கிட்டே வர்றவரைக் கேட்பீங்களா? (கைதட்டல்)

சினிமாப் பாட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதுக்குக் கதாநாயகன் இருக்கார், சுவரொட்டி இருக்கு, தயாரிப்பாளர் பணம் இருக்கு. நான் பேசுவது படமில்லாத பாட்டைப் பற்றி. நாலு பிள்ளைங்க சேர்ந்து, ஒரு கித்தார், ஒரு டிரம்ஸ் வைத்துக்கொண்டு, தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, கைக்காசில் பதிவு செய்து வெளியிடுகிறார்களே, அதைப் பற்றி. வெளிநாட்டில் இதற்கு ‘இண்டி ராக்’ என்று பேர். நாம் ‘தனியிசை’ என்கிறோம். தனியாக நிற்கிற இசை ஐயா அது! அதுக்குத் துணை யார் என்பதுதான் இன்றைய வழக்கு.

எதிரணி பெரிதும் நம்பும் வெளிநாட்டு விமர்சகர்களையே எடுத்துக்கொள்வோம். 1969-இல் லெட் செப்பெலின் என்ற குழுவின் முதல் இசைத்தொகுப்பு வந்தது. அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அதைக் கிழித்துத் தோரணம் கட்டியது. அதே பத்திரிகை 2003-இல் உலகின் தலைசிறந்த 500 தொகுப்புகள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் அந்தத் தொகுப்புக்கு 29-ஆவது இடம்! நடுவில் இருந்த 34 வருஷமும் அந்தப் பாட்டைத் தூக்கிச் சுமந்தது யார்? பேனாவா? கேட்டுக் கேட்டுத் தேய்த்த காது ஐயா, காது! (கைதட்டல்)

அப்புறம் ‘பிட்ச்ஃபோர்க்’ என்று ஓர் இணைய இதழ். பத்துக்கு 7.3, 6.8 என்று புள்ளி வைத்து மதிப்பெண் போடுவார்கள். நம்ம ஊர் கணக்கு வாத்தியார்கூட இவ்வளவு கறார் கிடையாது! (சிரிப்பு) 2004-இல் டிராவிஸ் மாரிசன் என்ற பாடகரின் தொகுப்புக்கு அவர்கள் போட்ட மார்க்கு 0.0. முட்டை போட்டாலும் ஒரு முட்டை போடலாம். புள்ளி வைத்து இரண்டு முட்டை! (பலத்த சிரிப்பு) நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்த மனிதர் அந்த மார்க்கோடுதான் அடுத்த மேடை ஏற வேண்டியிருந்தது.

எதிரணி உடனே சொல்லும், “அதே 2004-இல் கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழுவின் முதல் தொகுப்புக்கு 9.7 போட்டுத் தூக்கிவிட்டதும் அதே இதழ்தானே?” உண்மை. மறுக்கவில்லை. பேனா தூக்கிவிடும். ஆனால் தூக்கிவிட்டதைக் கீழே விழாமல் பிடிக்கிறது யாரு? இன்னொன்றும் சொல்கிறேன். 2024 ஜனவரியில் அந்த இதழின் முதலாளி நிறுவனம் அதை ஓர் ஆண்கள் பத்திரிகையோடு இணைப்பதாக அறிவித்தது. எழுதிக்கொண்டிருந்த பலருக்கு வேலை போனது. அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். ஆனாலும் பேனா சம்பளத்தில் இருக்கிறது. முதலாளி மூடி போட்டால் மூடிக்கொள்ளும். காதுக்கு மூடி கிடையாது நடுவர் அவர்களே! (கைதட்டல்)

சரி, சீமைக் கதை போதும். நம்ம மண்ணுக்கு வருவோம். சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் இருந்து, கழுகுமலை முருகனுக்குக் காவடிச் சிந்து பாடினார். இளம் வயதிலேயே மறைந்தும் போனார். ஜமீன் ஆதரவு சோறு போட்டது, சரி. ஆனால் அந்தச் சிந்து இன்றுவரைக்கும் வந்தது எப்படி? பத்துக்கு எட்டரை மார்க்கு வாங்கியா வந்தது? காவடியைத் தோளில் வைத்து, கொதிக்கிற தார் ரோட்டில் ஆடிக்கொண்டே போகிறானே பக்தன், அவன் கால் வழியா வந்தது! (பலத்த கைதட்டல்)

“அது பழைய காலம்” என்பார்கள். புதுசுக்கும் வருகிறேன். 2018 ஜனவரி 6-ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடை ஏறினார்கள். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். அவர்களுடைய தொகுப்பைக் கேட்டுவிட்டு எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் தென்காசியில் ஒரு டீக்கடையில் சண்டை போட்டார்கள். ஒருத்தன், “ஏலே, கித்தார் சத்தத்துல கானா மூழ்கிப்போச்சுலே” என்கிறான். இன்னொருத்தன், “மூழ்கலடே, மிதக்குது! நல்லாக் கேளு” என்கிறான். மூணாவது ஒருத்தன் போனை எடுத்து, “இந்தா பாரு, இதுல மூணரை ஸ்டார் போட்டிருக்கான்” என்றான். உடனே முதல் பையன் கேட்டான்: “அந்த அரை எங்கலே போச்சு?” (சிரிப்பு) மூணரை ஸ்டாரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. “நல்லாக் கேளு” என்று சொன்னால் பாட்டு மறுபடி ஓடுகிறது. அன்றைக்கு நாலு தடவை ஓடியது ஐயா!

அடுத்து 2021. தெருக்குரல் அறிவு எழுதி, தீயும் அவரும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ மார்ச் மாதம் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து அறிவு எழுதிய பாட்டு. ஆகஸ்ட் மாதம் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இருந்தார், இன்னொரு கலைஞரான ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். எழுதிய அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். அவரோடு சேர்ந்து ரசிகர்கள் கேட்டார்கள்: “பாட்டு எழுதினவன் எங்கே?” அதே மாதத்திலேயே அறிவின் படத்தோடு இன்னோர் அட்டையை இணையத்தில் வெளியிட்டது அந்த இதழ். பேனா ஒரு பேரை விட்டுவிட்டது, காது விடவில்லை. கேட்டவனுக்குத்தான் தெரியும், யார் குரல் குறையுதுன்னு! (கைதட்டல்)

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதம்: “ரசிகன் குருடன். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன்.” ஐயா, அவன் பேரு ரசிகன் இல்லை, வெறியன்! ரசிகன் யார் என்று இந்தக் குற்றாலத்துக்குப் பாடம் எடுக்க வேண்டாம். டி.கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த ஊர் இது. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடி, ஒரு பாட்டைச் சொல்லிச் சொல்லி அனுபவிப்பார்கள். அப்புறம் குற்றாலத்துக்கு வந்தார். 1954-இல் மறையும்வரை இங்கேயும் அதே விருந்துதான். தமிழ்நாடு அவருக்கு என்ன பட்டம் கொடுத்தது? ‘விமர்சகமணி’ என்றா? ‘ரசிகமணி’ ஐயா, ‘ரசிகமணி’! (பலத்த கைதட்டல்) அவர் தலையாட்டிப் பொம்மையா? கம்பன் மேல் உயிரையே வைத்திருந்தவர், “இது கம்பன் பாட்டே இல்லை” என்று எத்தனையோ பாடல்களைத் தள்ளி வைத்தார். புலவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அஞ்சவில்லை. நேசிக்கிறவனுக்குத்தான் தள்ளி வைக்கும் உரிமையும் உண்டு.

“கல்கி விமர்சகர்தானே?” என்று அடுத்த பேச்சாளர் கேட்பார். தெரியும். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பேரில் இசை விமர்சனம் எழுதினார். தமிழில் பாடுங்கள் என்று போராடினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. ஆனால் அந்தக் கல்கி குற்றாலத்துக்கு வந்தபோது எங்கே உட்கார்ந்தார்? ரசிகமணியின் பக்கத்தில்! ரசிகனாக உட்கார்ந்து எழுந்தவர் பேனாவைப் பிடித்தால்தான் அந்தப் பேனாவில் மை இறங்கும்.

நிறைவாக ஒன்று. என்னிடம் படித்த ஒரு பையன். அம்மா பீடி சுற்றுகிறவர். பழைய கித்தார் ஒன்றை வாங்கி, நாலு பாட்டு சொந்தமாகக் கட்டினான். பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினான். பதில் இல்லை. திட்டிக்கூட எழுதவில்லை! விடுதி மொட்டை மாடியில் பத்துப் பேர் கேட்டார்கள். ஒருவன் சொன்னான், “ரெண்டாவது பாட்டுல பல்லவி இழுக்குதுடே. ஆனா, ‘அம்மா விரல்’னு வர்ற இடத்துல எனக்கு எங்க வீட்டு ஞாபகம் வந்துட்டு.” பையன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அந்தப் பல்லவியைச் சுருக்கினான். அந்த இடத்தை மட்டும் தொடவில்லை. குறையையும் சொல்லி, நிறையையும் சொல்லி, எந்த இடம் என்று விரல் வைத்தும் காட்டினானே, அவனுக்கு எந்தப் பத்திரிகை ஐயா சம்பளம் கொடுத்தது?

அந்தப் பத்துப் பேரும் “நமக்கென்ன” என்று கீழே இறங்கிப் போயிருந்தால், அந்தக் கித்தார் பரணுக்குப் போயிருக்கும். விமர்சகர் தென்காசிக்கு வருகிற வரைக்கும் அந்தப் பையன் காத்திருக்க முடியாது. ஆகவே பெருமக்களே, உங்கள் தெருவில் ஒரு பிள்ளை புதிதாக ஒரு பாட்டுக் கட்டினால், மார்க்கு போடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். பிடித்த இடத்தைச் சொல்லுங்கள். பிடிக்காத இடத்தையும் காரணத்தோடு சொல்லுங்கள். அப்புறம், இன்னொரு தடவை பாடச் சொல்லுங்கள்.

அந்த ‘இன்னொரு தடவை’ என்ற சொல்லுக்கு எந்த மதிப்புரையும் ஈடாகாது. எனவே நடுவர் அவர்களே, புதிய இசையை வாழ வைப்பது ரசிகரின் காதே, காதே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)