பெஞ்சில் ஓர் இடம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் ‘ராணுவ அனுபவங்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். செயலாளர் என் வகுப்புத் தோழர். அவர் போன் செய்தபோதே, “என்கிட்ட துப்பாக்கிக் கதை அதிகம் இல்லப்பா” என்று சொன்னேன். “பரவாயில்லடா, நீ வந்து நின்னாலே பசங்க கைதட்டுவாங்க” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நன்றி. ஆனால் இன்று நான் உங்களிடம் ஒரு உதவி கேட்க வந்திருக்கிறேன்.

1997-இல் இங்கே பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். 1998-இல் பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் சேர்ந்தேன். மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பலருக்குத் தெரியும். 1780-இல் தொடங்கிய படைப்பிரிவு. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது அதன் வேலை. எனக்குக் கிடைத்தது டிராஃப்ட்ஸ்மேன் பணி. இருபத்துநான்கு வருஷம் வரைபலகையும் ஸ்கேலும், பிறகு கம்ப்யூட்டரும்தான் என் ஆயுதம். பெய்லி பாலத்தின் ஒரு பேனல் 10 அடி நீளம். ஆறு பேர் சேர்ந்து தூக்கி, ஒன்றோடு ஒன்றை ஊசி போட்டு இணைப்பார்கள். அதை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

2022-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வயது 45. வீட்டுக்கு வந்த உறவினர் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: “எக்ஸ்-சர்வீஸ்மேனா? செக்யூரிட்டி வேலை உடனே கிடைக்கும்.” கிடைத்தது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். நேர்மையான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் என் கை தானாகப் படம் போட்டுக்கொண்டிருந்தது.

2024 ஜூலை 30-இல் வயநாட்டு நிலச்சரிவு. சூரல்மலையில் என் பழைய படைப்பிரிவு 190 அடி பெய்லி பாலம் கட்டி, ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாலையில் முடித்தது. டி.வி.யில் பார்த்தேன். கையும் காலும் துடித்தது. அன்று ராத்திரி முழுக்க அந்தப் பாலத்தை வரைந்தேன். மறுநாள் காலை ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சிறுமி எட்டிப் பார்த்து, “அங்கிள், இந்தப் பாலம் எப்படி விழாம நிக்குது?” என்று கேட்டாள். பஸ் வரும்வரை படம் போட்டே விளக்கினேன். புரிந்துகொண்டாள். அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கும் ஒன்று புரிந்தது. குழந்தைகளுக்கான படப்புத்தகங்களுக்கு வரைய வேண்டும். பாலமும் கிணறும் ஏற்றமும் எப்படி வேலை செய்கின்றன என்று படத்தால் சொல்ல வேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். பென்ஷன், பெண்ணின் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு வருஷம்ங்க. அதுக்குள்ள ஒரு வழி தெரியணும். அதுக்கு மேல கேக்காதீங்க.” அதில் பதினான்கு மாதம் போய்விட்டது.

ஓவியம் முறையாகப் படிக்க ஒரு கல்லூரிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் எழுந்து நின்று, “உங்க சேவைக்கு ஒரு சல்யூட் சார். ஆனா வயசு வரம்பு தாண்டிடுச்சு” என்றார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. சல்யூட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நான். அவரும் முதல் மாதம் முழுக்க “ஹவில்தார் சார், பிரமாதம்” என்றே சொன்னார். ஆனால் பக்கத்தில் இருந்த பையன் உண்மையைச் சொன்னான்: “அங்கிள், உங்க படத்துல எல்லாரும் அட்டென்ஷன்லயே நிக்கிறாங்க!” அன்று மாஸ்டரிடம் கேட்டேன், “ஐயா, இவங்களைத் திட்டற மாதிரி என்னையும் திட்டுங்க.” அடுத்த வாரம் வாசலிலேயே நிறுத்திவிட்டார்: “ஸ்கேலை வெளியே வெச்சிட்டு உள்ள வா.” எனக்குப் படிப்பு தொடங்கியது அன்றுதான்.

அமெரிக்காவில் 1944-இல் ஒரு சட்டம் வந்தது. போர் முடிந்து திரும்பும் வீரனுக்குக் கல்விக் கட்டணமும், படிக்கும் காலத்துக்கு மாதப்படியும் தருவது அது. எல்ஸ்வொர்த் கெல்லி என்றொரு சிப்பாய். இன்ஜினியர் பட்டாளத்தில் உருமறைப்பு வேலை பார்த்தவர். அந்த உதவியில் பாஸ்டனில் ஓவியப் பள்ளியில் சேர்ந்து, பிறகு பாரிசிலும் படித்தார். உலகம் அறிந்த ஓவியரானார். என்னை அவரோடு ஒப்பிடவில்லை. படிக்க அவருக்கு ஓர் இடமும் கொஞ்சம் காலமும் கிடைத்தன என்பதையே சொல்கிறேன். அங்கே சட்டம் செய்ததில் ஒரு சிறு பங்கை இங்கே நம் சங்கம் செய்ய முடியும்.

நான் நன்கொடை கேட்கவில்லை. பென்ஷன் கஞ்சி ஊற்றும். மூன்றே மூன்று கேட்கிறேன்.

ஒன்று: அச்சகத்திலும் பதிப்பகத்திலும் இருக்கும் நண்பர்கள் என் படங்களைப் பார்க்க வேண்டும். ‘பட்டாளத்துக்காரர் பாவம்’ என்று பாராட்ட வேண்டாம். தேறாது என்றால் ஏன் தேறாது என்று சொல்லுங்கள்.

இரண்டு: ஒரே ஒரு சின்ன வேலை கொடுங்கள். எட்டுப் பக்கம் போதும். கூலிக்குக் கொடுங்கள், இரக்கத்துக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்று: நம் கல்லூரியில் மாலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வகுப்பறையை, வாரம் ஒருநாள் வயது கேட்காத வகுப்பாக்குங்கள். எனக்காக மட்டும் இல்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் சேர்பவர்களுக்குப் பணிக்காலம் நான்கே வருஷம். அறிவித்தபோது சொன்ன விதிப்படி, நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரப் பணிக்குப் போக முடியும். மற்றவர்கள் இருபத்தைந்து வயதுக்கு முன்னும் பின்னுமாக ஊர் திரும்புவார்கள். இந்தக் கூட்டத்திலேயே பட்டாளத்துக்குப் போக நினைக்கும் தம்பிகள் இருக்கலாம். அவர்கள் திரும்பி வரும்போது, “கேட்ல நிக்கிறியா?” என்று கேட்பதற்கு முன்னால், “என்ன படிக்க ஆசைப்படறே?” என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று. கைக்கு வந்ததை எந்த வேலைக்குப் போனாலும் விடாதீர்கள். பதிவேட்டின் பின்பக்கமாவது கிடைக்கும்.

என் மனைவி கொடுத்த கெடுவில் இன்னும் பத்து மாதம் பாக்கி. படங்களைக் கொண்டுவந்திருக்கிறேன், சாப்பாட்டுக் கூடத்தின் மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். இலை போடும் முன் ஒருமுறை பாருங்கள். பென்சில் ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. தப்பு எங்கே என்று தோன்றுகிறதோ, அங்கே தயங்காமல் ஒரு வட்டம் போடுங்கள்.