முதல் இயந்திரம் வாங்குமுன்

(கழக வெள்ளிவிழாத் தொழிற் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில், பிளாஸ்டிக் தகடு வெட்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் என்னைப் பணித்துள்ளனர். காரணம் உண்டு. நம் கழகத்தின் துணையால் ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் படித்து முடித்த பிள்ளைகள் சிலர், கூலிக்கு நின்றது போதும், சொந்தமாகப் பட்டறை வைப்போம் என்று துணிந்துள்ளனர். பெயர்ப்பலகை, அக்ரிலிக் எழுத்து, இயந்திரங்களுக்கான பாதுகாப்பு மூடி முதலியவற்றைச் செய்து விற்பது அவர்கள் நோக்கம். கடன் விண்ணப்பத்தோடு வந்து, "ஐயா, எந்த சி.என்.சி. ரௌட்டர் வாங்கலாம்?" என்று கேட்கின்றனர். நான் பொறியாளன் அல்லன். வரலாறு படித்த ஆசிரியன். ஆயினும், பழைய மாணவர்களின் பட்டறைகளில் அமர்ந்து, இயந்திரம் ஓடுவதையும் கணக்கு ஓடுவதையும் பார்த்தவன் என்ற உரிமையில் பேசுகின்றேன்.

வசதி படைத்தவன் முதல் இயந்திரத்தில் தவறினால் இரண்டாவதை வாங்கிக் கொள்வான். நம் வீட்டுப் பிள்ளை தவறினால் தாயின் தாலிச் சங்கிலி அடகுக் கடையில் மூழ்கிப் போகும். அதனோடும் நில்லாது, "இவர்களுக்குத் தொழில் வராது" என்ற பழைய பேச்சுக்கு அது புதிய சான்றாகும், அடுத்து வரும் நால்வருக்கும் கதவு அடைபடும். ஆகவே இத்தேர்வு ஒருவருடைய தேர்வு மட்டும் அன்று.

என் கருத்தைச் சுருங்கச் சொன்னால், இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது விற்பனையாளரின் விளம்பரத் தாள் அன்று. உங்கள் கையில் உள்ள பில் புத்தகம். முதல் நான்கைந்து மாதங்கள் இயந்திரம் இல்லாமலேயே தொழில் செய்யுங்கள். ஆர்டர் பிடித்து, வரைபடம் போட்டு, பிறரது இயந்திரத்தில் ஜாப் ஒர்க்காக வெட்டி வாங்கி, ஒட்டி முடித்துக் கொடுங்கள். எந்தத் தகடு, எத்தனை மில்லிமீட்டர் கனம், எவ்வளவு பெரியது, மாதம் எத்தனை மணி நேர வெட்டு என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டே உங்கள் முதல் வழிகாட்டி.

அந்த நோட்டு முதலில் சொல்வது, உங்களுக்கு வேண்டியது ரௌட்டரா, லேசரா என்பதை. மெல்லிய அக்ரிலிக் மட்டுமே வெட்டுவதானால் லேசர் விளிம்பைக் கண்ணாடி போல் பளபளப்பாக்கித் தரும். ஆனால் பி.வி.சி. ஃபோம் போர்டை லேசரில் வெட்டவே கூடாது. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழுந்து மனிதனின் நுரையீரலையும் இயந்திரத்தின் இரும்பையும் ஒருங்கே அரிக்கும். பாலிகார்பனேட் லேசரில் பழுப்பேறிக் கருகும். ஏ.சி.பி. தகட்டில் வி-வடிவப் பள்ளம் எடுத்து மடிப்பதற்கு ரௌட்டரே வேண்டும். பலவகைத் தகடுகளைக் கையாள்வோர்க்கு ரௌட்டரே பொருந்தும்.

அடுத்தது அளவு. சந்தையில் தகடு பெரும்பாலும் எட்டடிக்கு நான்கடியாக வருகின்றது. முழுத் தகட்டையும் கிடத்தும் மேசை இருந்தால், துண்டுகளை நெருக்கி அடுக்கி வெட்டலாம், கழிவு குறையும். ஆனால் அந்த இயந்திரத்தைச் சுற்றி ஆள் நடக்கவும் தகட்டை ஏற்றி இறக்கவும் இடம் வேண்டும். கொட்டகை சிறிதாயின், நான்கடிக்கு நான்கடி மேசையை வாங்கி, தகட்டைப் பாதியாக அறுத்து ஏற்றுவதில் இழிவு ஏதுமில்லை.

மூன்றாவது, வெட்டும் தலையாகிய ஸ்பிண்டில். பிளாஸ்டிக் மரம் போன்றதன்று, சூடேறினால் இளகும். பிட் வேகமாகச் சுழன்று, மெதுவாக நகர்ந்தால், அது தகட்டை வெட்டாது தேய்க்கும். இளகிய பிளாஸ்டிக் வெட்டிய பள்ளத்திலேயே மீண்டும் ஒட்டிக் கொள்ளும். இதற்கு மருந்து எளிய பெருக்கல் கணக்கு. ஒற்றை வெட்டுவாய் உள்ள பிட் நிமிடத்திற்கு 18,000 சுற்று சுழல்கின்றது. ஒவ்வொரு சுற்றிலும் 0.15 மில்லிமீட்டர் சீவல் எடுக்க வேண்டும் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் நிமிடத்திற்கு 2,700 மில்லிமீட்டர் நகர வேண்டும். அவ்வேகத்தில் அதிராது ஓடும் இயந்திரமே நமக்கு வேண்டியது. எனவே ஸ்பிண்டிலின் குதிரைத் திறனை விட, சட்டத்தின் உறுதியும் பாதையின் நேர்மையும் முதன்மையானவை. சாதாரணத் தகட்டு வேலைக்கு 3 கிலோவாட் ஸ்பிண்டில் பெரும்பாலும் போதும். தகட்டிலும் வேறுபாடு உண்டு: வார்ப்பு அக்ரிலிக் சீராகச் சீவும், எக்ஸ்ட்ரூஷன் அக்ரிலிக் விலை குறைவு, ஆனால் எளிதில் இளகிப் பிட்டில் அப்பிக் கொள்ளும்.

நான்காவது, தகட்டைப் பிடித்து வைக்கும் முறை. காற்றை உறிஞ்சித் தகட்டை இழுத்துப் பிடிக்கும் வேக்வம் மேசை வசதியானதே. ஆயினும் அதன் பம்ப் ஸ்பிண்டிலை விட மிகுந்த மின்சாரத்தைக் குடிக்கக் கூடும். சிறு எழுத்துகளை அதனாலும் பிடிக்க இயலாது, அவை வெட்டி முடிந்ததும் பறக்கும். தொடக்கத்தில் கிளாம்பும், எழுத்துகளின் ஓரத்தில் வெட்டாமல் விடும் சிறு பாலமும் வேலையை நடத்தும்.

ஐந்தாவது, கொட்டேஷன். என் பழைய மாணவர் ஒருவருக்குத் தரப்பட்ட விலைத்தாளில் சீவல் உறிஞ்சும் கருவி இல்லை, ஸ்டெபிலைசர் இல்லை, லாரி வாடகை இல்லை, இறக்கும் கிரேன் கூலியும் இல்லை. இவை ஒவ்வொன்றும் பின்னர்க் கடன் தொகைக்கு வெளியே கைக்காசாக வந்து நின்றன. ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் இவற்றையும், ஜி.எஸ்.டி.யையும், மென்பொருளையும், பயிற்சி நாள்களையும், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல் வங்கியில் செல்லாது.

வாங்குமுன் உங்கள் தகட்டை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். ஒரு மீட்டர் சதுரம் வெட்டச் சொல்லி, இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம் அங்கே உதவும்: இரண்டும் ஏறத்தாழ 1,414 மில்லிமீட்டராக, ஒன்றுக்கொன்று ஒத்திருத்தல் வேண்டும். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, தொடங்கிய புள்ளிக்குத் தலை மீண்டும் பிசகாமல் வருகின்றதா என்றும் காணுங்கள்.

இனிக் கடன் கணக்கு. எடுத்துக்காட்டாக, 9 லட்சம் ரூபாயை 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 19,570 ரூபாய். மாதம் 25 நாள், நாளுக்கு 5 மணி நேரம் வெட்டினால் 125 மணி. தவணைச் சுமை மணிக்கு ஏறத்தாழ 157 ரூபாய். வேலை நாளுக்கு 2 மணி நேரமே கிடைத்தால், அதே சுமை மணிக்கு 391 ரூபாய் ஆகின்றது. கூலியும் மின்சாரமும் வாடகையும் இதற்கு மேல். இயந்திரம் அதேதான், அதற்கு நாம் வைத்திருக்கும் வேலையே இலாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கின்றது.

அரசின் உதவிகளையும் அறிந்திருங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பெற்ற அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் வகுத்தது. நடப்பு விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறுதொழில்களிடம் 4 விழுக்காடு வாங்குமாறு கூறுகின்றது. உத்யம் பதிவு இருந்தாலன்றி அக்கதவு திறவாது. 1968-இல் சென்னையில் நிறுவப்பெற்ற சிப்பெட் நிறுவனம் பிளாஸ்டிக் தொழிற்பயிற்சி அளிக்கின்றது. ஆனால் ஒன்றை மறவாதீர்: மானியம் கிடைக்கின்றதே என்று தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்குவது, விலை மலிவென்று அளவு பொருந்தாத செருப்பை வாங்குவதற்கு ஒப்பாகும்.

இளைஞர்களே! நம் முன்னோர் பிறர் நிலத்தையும் பிறர் கருவியையும் கொண்டு ஊரார் வயிற்றை நிரப்பினர். கருவி நம்முடையதாகும் காலம் இது. அக்கருவி கடனில் மூழ்கிப் பிறர் கைக்குப் போய்விடாமல் காப்பதும் கல்வியின் கடமையே. இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கி, உங்கள் முதல் ஆர்டரை அதில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள். கணக்குப் பார்க்க நானும் கழகத்தாரும் காத்திருக்கின்றோம்.