நகரமும் தோட்டமும் ஓரூரே

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமமான வளர்ச்சி என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு பணித்தீர்கள். அனுபவத்தில் முதிர்ந்த பெரியோர் கூடியுள்ள இச்சபையில், பல்கலைக்கழகப் படிப்பையே இன்னும் முடிக்காத நான் பேசத் துணிவதைப் பொறுத்தருள்வீர்களாக.

நமது டிக்கோயாவிலே கடைவீதியில் நிற்பவனுக்கு மேலே தேயிலைச் சரிவு தெரியும். லயத்து வாசலில் நிற்பவனுக்குக் கீழே கடைவீதி தெரியும். தோட்டத்துச் சம்பள நாளைக் கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். இருந்தும், நகர சபையின் எல்லையோடு தெருவிளக்கும் நல்ல ரோட்டும் நின்றுவிடும் இடங்கள் எத்தனை!

இந்தக் கோடு தானாக விழுந்ததன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. நெடுங்காலப் போராட்டத்தின் பின், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அக்குறை பெரிதும் தீர்ந்தது. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலே 33ஆம் பிரிவு வேறொரு தடையாக நின்றது. வாக்குக் கேட்பவர் லயத்துக்கு வரலாம். வென்றபின் சபைப் பணத்தில் அங்கே ஒரு பாதையைச் செப்பனிட முடியாது! 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு நோர்வுட், மஸ்கெலியா ஆகிய இடங்களுக்குத் தனிச் சபைகளும் வந்தன.

சட்டம் திருந்திற்று, நம் வாழ்வு திருந்திற்றா?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், குறித்த நாள் கழிந்து நான்காம் நாள் கைக்குக் கிடைத்தது. எங்கள் காம்பராவுக்கு இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் தாங்கி வந்த கடிதம், கைமாறிக் கைமாறி, என் பெயருடைய வேறொருவர் வீட்டிலே கிடந்தது. அவர்மீது குற்றமில்லை. அம்மா கடிதத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போனார். முகவரி இல்லாதவனுக்கு வாய்ப்பும் வழிதவறும் என்பதை அன்று அறிந்தேன்.

இந்திய உதவியுடன் கட்டப்பட்டு, 2017ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி திறக்கப்பட்ட கிளங்கன் வைத்தியசாலைக் கட்டடம் 150 கட்டில்களைக் கொண்டது. அது வளர்ச்சியே. ஆனால் மலையுச்சி லயத்திலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கம்பளியில் கிடத்தி ரோட்டுவரை சுமக்க நேர்ந்தால், அந்த வளர்ச்சி அவளிடம் இன்னும் வந்து சேரவில்லை. நகரத்தில் எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பதன்று கணக்கு. கடைசி லயத்திலிருந்து அவற்றை எளிதில் அடையலாமா என்பதே கணக்கு.

தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கையில் சபை என்ன செய்யும் என்று பெரியோர் கேட்கலாம். நிர்வாகத்தோடு பேசியே செய்ய வேண்டியவை பல உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் கேளாதிருந்தால் சபை எதற்காகப் பேசப்போகிறது?

எனவே, இளைஞர்களுக்கு இரண்டு வேலைகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு லயமாகச் சென்று, காம்பராக்களையும் பாதைகளையும் குறித்து ஒரு படம் வரைவோம். வீட்டுக்கு இலக்கமும் பாதைக்குப் பெயரும் வேண்டி, அப்படத்தோடு சபைக்கும் தபாலகத்துக்கும் விண்ணப்பிப்போம். இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தோட்டப் பகுதிகளுக்குச் சபை செலவிட்ட தொகையை எழுதிக் கேட்போம். பெரியோர்கள் எங்களோடு வந்து முன்னிற்க வேண்டும்.

1931ஆம் ஆண்டிலே கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியது நமது அட்டன் நகரத்திலேதான். அவரும் மீனாட்சி அம்மையாரும் நகரத்தையும் தோட்டத்தையும் வேறாக எண்ணவில்லை.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். வடத்தைப் பிடிக்கும்போது, நகரத்தான் யார், தோட்டத்தான் யார் என்று நாம் கேட்பதில்லை. திருவிழா முடிந்த மறுநாளும் அந்த வடத்தை விடாதிருப்போமாக!