பெயர் பொறித்த கல்லும் பெயரற்ற வீரரும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் ஊருக்குச் செருத்தணி என்றும் ஒரு பெயர் உண்டு. செரு என்பது போர். போர் முடித்த முருகப்பெருமானின் சினம் தணிந்த இடம் இது என்பது நம் முன்னோர் நம்பிக்கை. போர் ஓய்ந்த பின் எஞ்சுவது எது என்று எண்ணிப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் சோளிங்கர் இருக்கிறது. நரசிம்மர் மலையைச் சேவிக்க நாம் செல்லும் அவ்வூர்ப் பக்கத்தில், 1781ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், ஐதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கும்பினியின் படையும் மோதின. கும்பினிப் படையை நடத்தியவர் தளபதி சர் அயர் கூட். 1760இல் வந்தவாசியை வென்றவரும், சோளிங்கருக்கு மூன்று மாதம் முன்னர்ப் பரங்கிப்பேட்டையில் ஐதரை எதிர்த்து வென்றவரும் அவரே. பாத் விருது பெற்றுச் சர் பட்டம் தாங்கியவர்.

1783 ஏப்ரலில் அவர் சென்னையில் காலமானார். உடல் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்றது. ஆம்ப்ஷயர் பகுதியில் ராக்போர்ன் என்னும் சிற்றூர். அங்கே மேட்டின்மீது நிற்கும் சிறிய தேவாலயத்தில் அவர் அடக்கமானார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்திலும் கும்பினியார் அவருக்குப் பளிங்குச் சின்னம் எழுப்பினர். தாமஸ் பேங்க்ஸ் என்னும் சிற்பி வடித்தது அது. வெற்றித் திருமகள் பனை வகை மரமொன்றில் தளபதியின் உருவப் பதக்கத்தை மாட்டுகிறாள். கீழே இந்தியக் கைதி ஒருவன் துயரே உருவாக அமர்ந்திருக்கிறான். தளபதிக்குப் பெயருண்டு, கைதிக்குப் பெயரில்லை.

அன்பர்களே, தம் ஊரார் ஒருவரைத் தம் கோயிலில் நினைவுகூர்ந்த ராக்போர்ன் மக்களை நான் குறை கூறவில்லை. அது நற்பண்பு. ஆனால் கூட் வென்ற போர்களில் அவர் பக்கம் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். எதிரே ஐதரின் கொடியின்கீழ் நின்றவர்களும் இந்நாட்டவரே. இருபுறமும் வீழ்ந்த அவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

கல் நடும் வழக்கம் நமக்குப் புதிதா? தொல்காப்பியம் நடுகல்லுக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுத்தது. அவனுடன் நின்று இரண்டு கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் நம் முன்னோர் அதில் பொறித்தார்கள். நாய்க்கும் பெயர் கொடுத்த நாடு இது!

அத்தகைய நாட்டில் என்ன நேர்ந்தது? முதல் உலகப் போர் முடிந்தபின் பல ஊர்களில் ஆங்கிலக் கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று மட்டும் அவை சொல்லும். நாயின் பெயரையும் எழுதிய மண்ணில் மனிதன் வெறும் எண்ணிக்கையாகிவிட்டான்.

இலக்கிய வட்டம் கவிதையும் சிறுகதையும் படித்துப் பத்தாண்டு கடந்துவிட்டது. பதினோராம் ஆண்டில் இன்னொரு பணியையும் ஏற்க வேண்டுகிறேன். நம் வட்டாரத்து ஊர்தோறும் செல்வோம். படையில் சேர்ந்து திரும்பாதவர் எவர் என்று முதியோரிடம் கேட்போம். பெயர், தந்தை பெயர், தெரு, சென்ற ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். கோயிலானாலும் தேவாலயமானாலும் பள்ளிவாசலானாலும், அவரவர் வழிபடும் இடத்தில் ஒரு சிறு கல் நடுவது பிறகு எளிது. சோளிங்கரில் வீழ்ந்தவர்களின் பெயர்களை இனி நாம் மீட்க இயலாமற் போகலாம். நம் காலத்தவர் பெயரையும் இழந்தால் பழி நம்மையே சேரும்.

கல்லுக்குக் காசு வேண்டும். குறிப்பேட்டுக்கு மனம் போதும். அம்மனம் இவ்வட்டத்துக்கு உண்டு என்பது என் நம்பிக்கை.